பித்தளைத் தகடு

பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே அந்தக் கை லாஸ்யாவின் மானத்தை வாங்கிவிட்டது.

எட்டாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் பாடம். செம்பருத்திச் சாறு இருந்த பீக்கரை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். நிறம் மாறத் தொடங்கியது. பிள்ளைகள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து இடது கையின் விரல்கள் மெல்லிய இரைச்சலோடு தாமாகத் திறந்துகொண்டன. பீக்கர் மேசை விளிம்பில் மோதித் தரையில் சிதறியது. அவளுடைய வெளிர்மஞ்சள் சுடிதாரெல்லாம் சிவப்பு.

"மிஸ், சார்ஜ் தீந்துபோச்சுங்களா?" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. லாஸ்யாவும் சிரித்துவைத்தாள். கேட்ட பிள்ளை கேலியாகக் கேட்கவில்லை. அவன் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

ஆனால் சார்ஜ் இருந்தது. இடது முழங்கைக்குக் கீழே ஒரு சாண்கூட மிச்சமில்லாத கைக்கு மாட்டிய ஜெர்மன் மின்கை அது. தசை இறுகும்போது தோலில் எழும் துளி மின்சாரத்தை, கை நுழையும் உறைக்கு உள்ளே இருக்கும் இரண்டு உலோகப் பொத்தான்கள் உணர்ந்து மோட்டாருக்குச் சொல்லும். ஒரு தசையை இறுக்கினால் விரல் மூடும், இன்னொன்றை இறுக்கினால் திறக்கும். பொத்தான் தோலை விட்டு மயிரிழை விலகினாலும் போயிற்று. கை தன் இஷ்டத்துக்கு ஆடும்.

தலைமையாசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, குரலை உயர்த்தவில்லை.

"அம்மணி, இன்னிக்கு செம்பருத்தி. நாளைக்கு ஆசிட்டா இருந்தா? புள்ளைங்க மேல பட்டா நான் என்ன பதில் சொல்றது? லைப்ரரில உக்காந்துக்கறீங்களா?"

"இல்லீங்க மேடம். சரி பண்ணிப்போட்டு வாரேனுங்க."

"பாருங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாம்."

வேலை என்பது லாஸ்யாவுக்கு வெறும் வேலை இல்லை. எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு, சத்தி ரோட்டில் ஸ்கூட்டரை ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் யாரோ ஒருத்தி குளிப்பாட்டி, யாரோ ஒருத்தி தலை பின்னி, ஜன்னலோரம் உட்காரவைத்த பொம்மையாக இருந்தாள். வகுப்பறைக்குள் நுழைந்த அன்றைக்குத்தான் 'குட் மார்னிங் மிஸ்' என்று அவளை ஒரு ஆளாக நினைத்துக் கூப்பிட்டார்கள்.

வீடு கணபதியில். முன்னால் லேத் பட்டறை, பின்னால் குடியிருப்பு. அப்பா வரதராஜுலு பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பவர். வீட்டுக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து ஓடும். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு அவர் நாயுடு.

நாயுடு கடைந்த ஷாஃப்டில் பேரிங்கை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், போய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்டம் என்ற பேச்சே கிடையாது. அவருக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை 'லூசு'. திருகாணியோ, கதவுக் கொண்டியோ, காபி டம்ளரின் பிடியோ, எது ஆடினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் அடங்கிப்போனார். காலையில் பட்டறைக்குப் போவார், மிஷினைப் போடுவார், ஓடுகிற மிஷினைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஆட்கள் வேலை செய்தார்கள். அவர் பேசவில்லை. லாஸ்யாவின் இடது பக்கம் உட்கார மாட்டார். அம்மா ஹேமலதா ஒருநாள், "புள்ளைக்குக் கை போச்சு, உங்களுக்கு வாய் போச்சா?" என்று கேட்டேவிட்டாள். உலகத்தில் எதையும் சரிசெய்யத் தெரிந்தவருக்கு மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பீக்கர் உடைந்த மறுநாள், கை பொருத்திய மையத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே லாஸ்யாவுக்குக் கை செய்து கொடுத்தவள் ரம்ஷா. உக்கடத்துப் பெண். கட்டடம் அதிரச் சிரிப்பாள்.

"என்ன மேடம், கை மட்டும் டயட்ல இருக்குதா?" என்றாள், லாஸ்யாவின் மிச்சக் கையைத் திருப்பிப் பார்த்து. "நல்லா இளைச்சிருச்சு. இது எல்லாருக்கும் ஆகறதுதான். முதல் வருஷம் சதை சுருங்கும். அப்ப எடுத்த அளவுக்கு இப்ப உறை பெருசு."

"லூசா இருக்குதுங்களா?" என்று கேட்டார் நைனா. அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாங்கப்பா. இன்னிக்கே புதுசா அச்செடுத்துக்கறேன், வேற உறை போடணும். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் கொஞ்ச நேரம் மட்டும் போட்டாப் போதும். இறுக்க வேண்டாம்."

பிறகு ரம்ஷா சிரிப்பை நிறுத்திவிட்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழே, அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். விபத்தில் அந்த இடத்துத் தோல் முழுக்க உரிந்துபோயிருந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டியிருந்தார்கள். ரம்ஷாவின் விரல் அங்கே இருப்பது பார்த்தால்தான் லாஸ்யாவுக்குத் தெரியும்.

"ஒரு பொத்தான் இந்த ஒட்டுத்தோல் ஓரத்துலதான் வருது. வேற எடத்துல சிக்னல் கெடைக்கல, அதனாலதான் வெச்சேன். இங்க குத்தினாலும் சுட்டாலும் உனக்குத் தெரியாது லாஸ்யா. கண்ணுதான் உனக்கு இங்க தோலு. கழட்டினதும் கண்ணாடில பாரு. சிவப்பு அரை மணி நேரத்துல மறையிலீன்னா கையப் போடாத, என்னயக் கூப்புடு. புரியுதா?"

"புரியுதுங்க்கா."

காரில் திரும்பி வந்தார்கள். டெக்ஸ்டூல் பாலம் தாண்டியது. அப்புறம் நைனா கேட்டார்.

"ஏங்கண்ணு, லூசுன்னா பேக்கிங் வெச்சாப் பத்தாதா?"

லாஸ்யா திரும்பிப் பார்த்தாள். அவர் கண் சாலையில் இருந்தது. ஆனால் முகத்தில் என்னவோ ஒன்று, பழைய முகத்திலிருந்து ஒரு கீற்று, வந்து நின்றிருந்தது.

"அக்கா மூணு வாரம்னு சொன்னாங்களே நைனா."

"அந்தப் புள்ள சொல்றது புது உறைக்கு. அது வரட்டும். அதுவரைக்கும் லைப்ரரில உக்காருவியா? பொத்தானுக்குப் பின்னால ஒரு தகடு குடுத்தா முன்னால வந்து தொட்டுக்கும். ஷாஃப்ட் தேஞ்சா புஷ்ஷுக்குள்ள தகடு வெச்சு இறுக்கறோமில்ல? அதான்."

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது. பொத்தான் எவ்வளவு சின்னதோ, தோலில் அவ்வளவு அதிகம். அவள் அதை ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவருடைய விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டைகூட மாற்றவில்லை. பழைய உலோகத் துண்டுகள் கிடந்த பெட்டியைக் கிளறி மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை எடுத்தார். வெட்டினார். நகத்தளவுதான். அதன் நாலு மூலையையும் அரத்தால் ராவி வட்டமாக்கினார். எமரித் தாளில் தேய்த்தார். தன் கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். பட்டறை ஆட்கள் மிஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். உறையைத் திறந்து, பொத்தானுக்குப் பின்னால் தகட்டை வைத்து, மூடினார்.

"மாட்டிப் பாரு சாமி."

கஷ்டப்பட்டுத்தான் உள்ளே போயிற்று. போனபிறகு அசையவில்லை. அம்மா காபி கொண்டுவந்தாள். லாஸ்யா டம்ளரை இடது கையால் எடுத்தாள். விரல்கள் சொன்னபடி மூடின. கையை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், பக்கவாட்டில் ஆட்டினாள். ஒரு சொட்டுக் காபி தளும்பவில்லை. நடந்துபோய் நைனாவிடம் நீட்டினாள்.

"காபி எடுத்துக்கங்க நைனா."

அவர் வாங்கிக்கொண்டார். டம்ளரையும் அவளையும் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நைனா தெருவுக்கே போய், எதிர்ப்பட்டறைத் தம்பிதுரையைக் கூப்பிட்டார்.

"தம்பிதுரை! வா, வந்து பாரு. என்ர புள்ள காபி குடுக்கறா!"

தம்பிதுரை வார்ப்படக் கரி படிந்த லுங்கியோடு வந்து நின்றார். லாஸ்யா அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள்.

"ஏனுங்க நாயுடு, ஜெர்மனிக்காரனையே தோக்கடிச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது?"

"கைய எவன் வேணா செய்வான் தம்பிதுரை. உக்கார வெக்கறதுக்குக் கணபதிக்காரன்தான் வேணும்."

"இதான் சாக்குன்னு ரேட்ட ஏத்திப்போடாதீங்க!"

தெருவில் எல்லோரும் சிரித்தார்கள். லாஸ்யா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது.

அந்த வாரம் அவள் ஒன்றையும் கீழே போடவில்லை. சோதனைக்குழாயைப் பிடித்தாள், ஸ்பிரிட் விளக்கை ஏற்றினாள், காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டாள். 'சார்ஜ்' கேள்வி கேட்டவன் இப்போது அவளுடைய முதல் ரசிகன். தலைமையாசிரியை வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தலையசைத்துப் போனார். லைப்ரரிப் பேச்சு எழவில்லை. காலையில் மாட்டிய கையை லாஸ்யா பொழுது சாய்ந்துதான் கழற்றினாள்.

முதல் நாள் சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தாள். ஒட்டுத்தோல் ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம், சிவப்பாக. குளித்துவிட்டு வந்து பார்த்தாள். சிவப்பு இருந்தது. சாப்பிட்ட பிறகும் இருந்தது. ரம்ஷாவின் எண்ணை எடுத்தாள். கூப்பிட்டால், 'கையைப் போடாதே' என்பாள். 'ஏன் இவ்வளவு அழுந்தியிருக்கிறது' என்பாள். தகட்டைச் சொல்ல வேண்டும்.

பட்டறையிலிருந்து நைனாவின் குரல் கேட்டது. யாருக்கோ போனில், "சொன்னா நம்பமாட்டீங்க, ஒரு துளி சிந்திலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லாஸ்யா போனைக் கீழே வைத்தாள்.

வலித்திருந்தால் கூப்பிட்டிருப்பாள். எல்லோருக்கும் சூடு பட்டால் கை தானாகப் பின்வாங்கும், யோசிக்க வேண்டியதில்லை. அவளோ பின்வாங்குவதா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. யோசித்தால், நைனாவின் சிரிப்பு எப்போதும் தராசின் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சில நாளில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்தது. உறைக்குள் வியர்வை போக வழியில்லை. பவுடர் போட்டாள். மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் பூசினாள். உள்ளே போடும் துணியுறையில் மஞ்சளாகக் கறை படிந்தது. அதை அம்மாவிடம் துவைக்கப் போடாமல், குளியலறையில் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் வைத்து ஒரு கையாலேயே பிழிந்து காயவைத்தாள். பிறகு கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். அடிப்பக்கம்தானே, பார்க்காவிட்டால் தெரியாது. இயற்பியல் படித்தவள் செய்கிற காரியமா இது என்று தனக்குத்தானே ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் ஒருநாள் கை மறுபடியும் தடுமாறியது. காயத்தின் ஈரத்தில் பொத்தானுக்குச் செய்தி குழம்பியிருக்கும். ஸ்கேலைத் தவறவிட்டாள். சாப்பாட்டு மேசையில் வாய் தவறி அதைச் சொல்லிவிட்டாள்.

"மறுபடி லூசாயிருச்சா? கொண்டா இப்படி," என்றார் நைனா. சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். இரண்டாவது தகடு வைத்தார். அதையும் ராவினார், தேய்த்தார், கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொதல்லயே ரெண்டு வெச்சிருக்கணும் கண்ணு. எம் பேர்லதான் தப்பு," என்று சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டியிருந்தால் ஒரு வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது. லாஸ்யா கையை நீட்டினாள். அவர் மாட்டிவிட்டார்.

"ஊட்டுக்குள்ள என்னமோ வாடை வருது," என்றாள் அம்மா, அடுத்த வாரம். எலி செத்திருக்குமோ என்று பீரோவை நகர்த்திப் பெருக்கினாள். பட்டறைச் சாக்கடையில் பினாயில் ஊற்றச் சொன்னாள். லாஸ்யா செண்ட் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். "யாருக்கு அம்மணி இத்தன வாசம்?" என்று அம்மா கேலி செய்தாள். லாஸ்யா வெட்கப்பட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரம்ஷா இடையில் ஒருமுறை கூப்பிட்டாள். புது உறை தயாராகிக்கொண்டிருக்கிறதாம்.

"தோல் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குதுங்க்கா."

"பாக்கறியா டெய்லி?"

"பாக்கறேனுங்க்கா."

காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வைரல் காய்ச்சல் என்று அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு லாஸ்யா பள்ளிக்குப் போனாள். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. கரும்பலகையில் ஒளிவிலகல் படம் போடும்போது கோடு கோணலாகப் போனது. அழித்துவிட்டுப் போட்டாள். அதுவும் கோணல். "மிஸ், உக்காருங்க மிஸ்," என்றான் சார்ஜ் பையன். அவள் உட்காரவில்லை, விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் கையைக் கழற்ற இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது. சதை வீங்கி உறையோடு ஒட்டியிருந்தது. கழற்றியபோது வந்த வாடையில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீடு முழுக்கத் தேடிய எலி எதுவென்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எலும்பு தெரிந்தது. கிருமி முழங்கை மூட்டுக்குள் போயிருந்தது. மூட்டைத் தாண்டித் தோள் பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது என்றார் அறுவை மருத்துவர். முழங்கைக்கு மேலே எடுத்துவிட வேண்டும், இன்றைக்கே, இல்லாவிட்டால் ஆளே பிழைப்பது கஷ்டம் என்றார். சுருக்கமாகப் பேசுகிறவர்.

நைனா அவர் பின்னாலேயே போனார். "முழங்கைய விட்டுருங்க டாக்டர். மடக்கறதுக்கு அது வேணுமுங்க. பையை மாட்டிக்கவாவது வேணுமுங்க. என்ன செலவானாலும் சரிங்க."

"செலவு இல்லீங்க பிரச்சினை," என்றார் மருத்துவர்.

ரம்ஷா பதறிப்போய் வந்தாள். துப்பட்டா ஒரு பக்கம் தரையில் இழுபட்டது. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ஓரமாக வைத்திருந்த உறையை எடுத்துத் திருப்பினாள். பொத்தானைத் திறந்தாள். இரண்டு பித்தளைத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, பச்சை பூத்து, உள்ளங்கையில் விழுந்தன.

"இது யாரு வெச்சது?"

லாஸ்யாவுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நைனா நின்றது மங்கலாகத் தெரிந்தது.

"நான்தானுங்க்கா," என்றாள். "லூசா இருந்துச்சு. நானே வெச்சுக்கிட்டேன்."

ரம்ஷா தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூலைகள் வட்டமாக இருந்தன. ஓரம் கண்ணாடிபோல் வழவழத்தது. ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அப்படி ராவ முடியாது. அவள் நிமிர்ந்து நைனாவைப் பார்த்தாள்.

"அவ வெக்கிலீங்க," என்றார் நைனா. குரல் வேறு யாருடையதோபோல் வந்தது. "நான்தான் வெச்சேன். ஓரம் குத்திப்போடக்கூடாதுன்னு ராவித்தானுங்க வெச்சேன். நல்லா ராவினேனுங்க."

கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை சொன்னார். பிறகு கையை நீட்டினார். ரம்ஷா தகடுகளைத் தரவில்லை. முட்டியை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது லாஸ்யாவின் இடது பக்கம் தோளிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே முடிந்துபோயிருந்தது. வெள்ளைக் கட்டுப் போட்டு ஒரு தலையணையில் தூக்கி வைத்திருந்தார்கள். பழைய மின்கை இனி அவளுக்கு ஆகாது. முழங்கைக்கு மேல் எடுத்தவர்களுக்கு வேறு வகை, அதற்கும் காயம் நன்றாக ஆறி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதுவும் இதுபோல் லாவகமாக வராது என்று ரம்ஷா வந்து சொல்லிவிட்டுப் போனாள். "ஏன்டி பொய் சொன்ன எங்கிட்ட?" என்று ஒருமுறை கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் லாஸ்யாவின் நெற்றியில் கை வைத்துவிட்டு எழுந்தாள்.

தலைமையாசிரியை பிள்ளைகள் எழுதிய வாழ்த்து அட்டையோடு வந்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை.

நைனா வெளியே வராந்தாவில்தான் இருந்தார். உள்ளே வரவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், "வாரேன்" என்பார். வர மாட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் உள்ளே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். இடது பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்சிருந்துச்சா கண்ணு? புண்ணு வந்தது?"

"ம்."

"எப்ப?"

லாஸ்யா கூரையைப் பார்த்தாள்.

"ரெண்டாவது தகடு வெக்கும்போது தெரியுமா?"

"தெரியும் நைனா."

அவர் தன் கைகளைப் பார்த்தார். ரேகைகளுக்குள் ஏறிய பட்டறைக் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.

"அப்ப ஏங்கண்ணு சொல்லல? ஒரு வார்த்த. நைனா, புண்ணாயிருச்சு, எடுத்துருங்கன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

நீங்கள் சிரித்தீர்கள். அவ்வளவுதான் காரணம். அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு நீங்கள் சிரித்தீர்கள்.

அது அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. தகடு வைத்த பாவத்தை இந்த மனிதர் எப்படியாவது சுமந்துகொண்டு நடப்பார். தன் சிரிப்புக்குத்தான் பிள்ளையின் கை போனது என்று தெரிந்தால், இவர் வாழ்நாளில் ஒருமுறைகூட வாயைத் திறந்து சிரிக்கமாட்டார்.

"வேலை போயிரும்னு பயந்துட்டேன் நைனா," என்றாள். "மாசக் கடைசி வரைக்கும்னு சொன்னாங்கல்ல. அதான்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா, நம்புவதுபோல் இருந்துகொண்டாரா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வேலை என்ன சாமி வேலை," என்றார். அழுதார். சத்தம் வெளியே கேட்காமல், துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். லாஸ்யா வலது கையை நீட்டிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு அது எட்டவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். கட்டுப் போட்ட கையின் கீழிருந்த தலையணை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வழக்கத்தில் அவர் கை அதைத் தொட்டு நிமிர்த்தப் போனது. தொட்டதும் லாஸ்யாவுக்குச் சுரீரென்று தோள்வரை ஏறியது. அந்த இடத்தில் இருந்தது ஒட்டுத்தோல் இல்லை, அவளுடைய சொந்தத் தோல்.

பல்லைக் கடித்தாள். கடித்த பல்லை விட்டாள்.

"வலிக்குதுங்க நைனா."

அவர் நெருப்பைத் தொட்டவர்போல் கையை எடுத்துக்கொண்டார். "நர்ஸம்மாவக் கூப்புடறேன்," என்று கதவுப் பக்கம் திரும்பினார்.

"வேண்டாங்க. நீங்களே வைங்க. சித்த மேல தள்ளி வெச்சாப் போதும்."

"என்னால ஆகாது கண்ணு."

"வைங்க நைனா."

அவர் திரும்பி வந்தார். குனிந்தார். மைக்ரான் கணக்கில் இரும்பைக் கடைந்த விரல்களால் தலையணையைத் தொட்டார். அதன் ஓரத்தை நூலளவு நகர்த்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப?"

"வலிக்குது."

இன்னும் நூலளவு.

"இப்பங்கண்ணு?"

"வலிக்குதுங்க."

அவர் மறுபடியும் நகர்த்தினார்.